பெர்டா சுரங்கத்து ஸ்டாப்பர்

அக்டோபர் 9, ஞாயிறு

இன்று கால்பந்தில் ராணுவ அணியை எங்கள் மைதானத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்து அனுப்பினோம். நான் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவன். அவர்களுடைய ஒன்பதாம் எண்காரன் ஒரே ஒரு தடவைதான் என்னைத் தாண்டினான். அப்போதும் பந்து என் காலில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் என்னைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். நான் கை கொடுத்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திக் கொடுத்தேன்.

வெளியே ஒரு மேஜர் காத்திருந்தார். வில்சின்ஸ்கி என்று பெயர். ராணுவ அணிக்கு ஆள் பிடிக்கிறவர் என்று எங்கள் கோல்கீப்பர் ஹன்யெக் முன்னாலேயே காதில் ஓதியிருந்தான்.

"நாட்டுக்காக மூணு ஆட்டம் ஆடிட்டே. இன்னும் இந்தக் கரிக்குழியில என்னப்பா பண்றே? எங்ககிட்ட வா. வீடு, கார், எல்லாம் தன்னால வரும்."

"இங்கயே நல்லாத்தான் இருக்கேன் ஐயா."

"நான் உன்னைக் கேட்கலையே. சொல்றேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

இந்த மாதிரிச் சிரிப்பு எனக்கு ஆகாது.

அக்டோபர் 12, புதன்

சம்பள நாள். நாங்கள் பந்து ஆடுகிறவர்கள் எல்லோருமே காகிதத்தில் பெர்டா சுரங்கத்துத் தொழிலாளிகள். சுரங்கத்துக்கு அரசாங்கம் வேறு பெயர் வைத்துவிட்டது, ஆனாலும் யாரும் பெர்டா என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. நான் நிலத்தடியில் கரி வெட்டுகிறவன் என்று பதிவு. அப்படிப் பதிவிருந்தால் படைக்கு இழுக்க மாட்டார்கள், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடக் கீழே போனதில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அல்லது நினைப்பார்கள், சொல்ல மாட்டார்கள் என்று இருந்தேன்.

இன்று ஒருவர் சொன்னார். ஷிஃப்ட் முடிந்து அப்படியே கருப்பாக வந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க சார். குழியிலேர்ந்து நேரா வர்றீங்களா? பரவாயில்ல, நல்ல சோப்பு."

வரிசை முழுக்கச் சிரித்தது. காது சூடாகிவிட்டது எனக்கு. எமில் பொக்ஷேபா என்று அவர் பெயராம். கரி வெட்டுகிற ஒரு கூட்டத்துக்குத் தலைவர். பந்தாட்டமே பார்க்க மாட்டாராம், வேலை இல்லாத ஞாயிறு முழுக்கப் புறாக்கூண்டிலேயே இருப்பாராம்.

அக்டோபர் 14, வெள்ளி

இயக்குநர் ஸரிஹ்டா கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனால் மேஜர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"நீ ஒரு நாளாவது கீழ போயிருக்கியா?" என்று கேட்டார் மேஜர். நான் இயக்குநரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"பொய்யா வேலை காட்டிப் படையிலேர்ந்து தப்பிச்சவனுக்கு என்ன நடக்கும்னு தெரியும்ல? எங்க அணிக்கு வந்தா அதெல்லாம் மறந்துடலாம்."

"பெரிய இடம் ருஃபின், பிடிச்சுக்கோ" என்றார் இயக்குநர். பொய்யை எழுதினது அவருடைய ஆபீஸ். எழுதின கையே என்னைக் காட்டிக்கொடுக்கிறது. நான் என்ன ஆடா, ஒரு கொட்டகையிலிருந்து அவிழ்த்து இன்னொரு கொட்டகையில் கட்டுவதற்கு?

"அப்ப உண்மையாவே கீழ போறேன் ஐயா. திங்கக்கிழமையிலேர்ந்து. அப்புறம் யாரு என்ன சொல்ல முடியும்?"

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். "மண்வெட்டி எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமாடா உனக்கு?" மேஜர் சிரிக்கவில்லை. "தேசிய அணியில இடம் வேணுமா வேணாமா, அதை மட்டும் யோசி" என்றார்.

வேண்டும். யார் வேண்டாம் என்றது? தேசிய அணிச் சட்டையை முதல் தடவை வாங்கின அன்று ராத்திரி அதைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். ஆனால் அந்தச் சட்டைக்காக இந்த ஆளின் பையில் போய் உட்கார வேண்டுமா?

ட்ரூடாவிடம் சொன்னேன். என் மனைவி பெர்டாவின் விளக்கறையில் வேலை செய்கிறாள். கீழே போகிற ஒவ்வொருவருக்கும் விளக்கும், வருகைக்கு அடையாளமாக எண் போட்ட பித்தளை வில்லையும் எடுத்துக் கொடுப்பது அவள்தான். அவளுடைய அப்பா அதே குழியில் நுரையீரலைத் தொலைத்தவர். எங்கள் வீட்டு மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்.

"அப்பா மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் இந்த முடிவை எடுத்தியா?"

"என்னைக் கேட்காமலே என்னை வித்துட்டாங்க ட்ரூடா."

"வித்தா விக்கட்டும். அங்க போனா பந்துதானே ஆடப்போறே? ஜன்னலைத் திறந்தா கரி வராத ஊர்ல நான் ஒரு நாளாவது துணி காயப்போடக் கூடாதா?" அப்புறம் மெதுவாக, "உன் ரோஷத்துக்கு நான் விளக்கு எடுத்துக் குடுக்கணுமா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் போகத்தான் போகிறேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

ட்ரூடா எனக்குக் காப்பி மட்டும் வைத்தாள், அதுவும் டொக்கென்று.

அக்டோபர் 17, திங்கள்

போய்விட்டு வந்துவிட்டேன். கை முழுக்கக் கொப்புளம், எழுத்து கோணலாகத்தான் வரும்.

விளக்கறை ஜன்னலில் ட்ரூடா எல்லோருக்கும் "கடவுள் துணை" என்று சொல்லி விளக்கு கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. விளக்கைத் தள்ளினாள், வில்லையைத் தள்ளினாள், அடுத்த ஆளைப் பார்த்தாள்.

குழிக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். கீழே ஒருவர் என் வில்லையை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். அதே எமில்.

"அடடே, நீதானா அது? பதிவுல மூணு வருஷமா என் கூட்டத்துலதான் இருக்கியாம். இன்னைக்குத்தான் தரிசனம் கிடைச்சுது."

எனக்குப் புரியவில்லை.

"கூட்டத்துல எத்தனை தலை இருக்கோ அத்தனை பேருக்கும் கரிக் கணக்கு உண்டு. நீ மைதானத்துல குதிச்சுக்கிட்டு இருந்தப்ப உன் பங்கை யாரு வெட்டினாங்கன்னு நினைச்சே? மேல இருக்கறவங்க குனிஞ்சு வெட்டினாங்களா?"

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மற்ற ஆறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியை எடுத்தேன். "தலைகீழா பிடிச்சிருக்கே" என்று ஒருவன் சொன்னான். இல்லை, சரியாகத்தான் பிடித்திருந்தேன். விளையாட்டுக்குச் சொன்னானாம். போகட்டும்.

அக்டோபர் 23, ஞாயிறு

காலை ஷிஃப்ட், மதியம் பயிற்சி, அப்புறம் கட்டில். வாரம் முழுக்க இதுதான். இன்று ஆட்டத்தில் ஒரு பொடிப்பயல் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் கோல் போட்டான். எங்கள் ஆட்களே விசிலடித்து என்னைக் கேலி செய்தார்கள். ஹன்யெக், "காலா அது, குழிக்கு முட்டுக் குடுக்கற மரமா? மேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போகும்டா" என்றான்.

முடிந்துதான் போகும். அதனால்தான் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 8, செவ்வாய்

இன்று சிரித்த சிரிப்பில் ஒரு மாசச் சலிப்பும் போய்விட்டது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மேஜர் வில்சின்ஸ்கியே இரண்டு அதிகாரிகளோடு குழிவாய்க்கு வந்துவிட்டார். ஷிஃப்ட் முடிகிற நேரம். நான் இருக்க மாட்டேன், வில்லை மட்டும் தொங்கும் என்று எண்ணம்.

கூண்டு மேலே வந்தது. நாங்கள் இறங்கினோம். எல்லோருடைய முகத்திலும் பல்லும் கண்ணும்தான் தெரியும். மேஜர் நேராக என்னிடமே வந்தார்.

"இந்தாப்பா, ருஃபின் டிர்டான்னு ஒருத்தன். பந்து ஆடுறவன். அவனை இங்க எப்பவாவது பாத்திருக்கியா?"

"எப்பவாவது பாப்பேன் ஐயா. கண்ணாடியில."

எமில் துப்பிக்கொண்டிருந்தவர் இருமத் தொடங்கினார். என் குரல் மேஜருக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. ஒரு மாசமாக என்னைத்தான் பின்தொடர்ந்தார், முகத்துக்கு நேரே நிற்கும்போது தெரியவில்லை. அதிகாரிகள் விளக்கறைக்குப் போய் விசாரித்தார்கள். ட்ரூடா ஒன்றுக்கும் பயப்படவில்லை. "தினமும் போறான். நான்தானே விளக்குக் குடுக்கறேன். பிடிக்காமத்தான் குடுக்கறேன், அதையும் எழுதிக்கோங்க" என்றாளாம்.

படைக்கு இழுக்கக் காரணம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது மேஜர் என் பக்கத்தில் வந்து, "சந்தோஷமா இரு. தேசியப் பட்டியலைப் படிக்க மறந்துடாதே" என்றார்.

நவம்பர் 11, வெள்ளி

படித்தேன். என் பெயர் இல்லை.

தேசிய அணிப் பயிற்சியாளருக்கு நானே தொலைபேசி போட்டேன். கொஞ்சமும் கோபமாகப் பேசவில்லை அவர், அதுதான் எரிச்சல். "காலையில கரி அள்ளிட்டு வர்றவன் தொண்ணூறு நிமிஷம் ஓடுவானா ருஃபின்? உன்னை எடுத்தா மேலேயிருந்து என்னைக் கேப்பாங்க. நீயா தேடிக்கிட்டது" என்றார். ஆமாம், நானாகத்தான் தேடிக்கொண்டேன். அதைத்தான் நானும் சொன்னேன்.

நவம்பர் 16, புதன்

தேசிய அணியின் ஆட்டத்தை வானொலியில் கேட்டேன். இரண்டு கோல் வாங்கினார்கள், இரண்டும் நடுவில், என் இடத்தில். சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் பட்டேன்.

டிசம்பர் 4, ஞாயிறு

சுரங்கத் தொழிலாளிகளைக் காக்கிற புனித பார்பராவின் திருநாள். விடியும்போதே வாத்தியக்காரர்கள் எங்கள் செங்கல் வீடுகளுக்கு நடுவில் ஊதிக்கொண்டு வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டார்கள். போன வருஷம்வரை நாங்கள் ஆட்டக்காரர்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மேடையில் இயக்குநருக்குப் பக்கத்தில் நிற்போம். ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போகும்.

காலையில் எழுந்து பார்த்தால் சுரங்கக்காரர்களின் கருப்பு விழாச் சீருடை தேய்த்து மாட்டியிருக்கிறது. தொப்பியில் கருப்பு இறகு. ட்ரூடாவின் அப்பாவுடையது. கை கொஞ்சம் குட்டை.

"போட்டுக்கோ" என்றாள். "கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதே."

எமிலின் கூட்டத்தோடு நடந்தேன். மேடைக்குப் பக்கத்தில் வந்தபோது ஹன்யெக் கை தூக்கினான். இயக்குநர் என்னைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எமில், "முதுகை நிமித்துடா. அங்க இல்ல, மாடியில பாரு" என்றார். என் மாமனார் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தக் குளிரில் நிற்கிறார். தொப்பி இல்லாத தலையில் கையை வைத்து எனக்கு வணக்கம் வைத்தார்.

அழுதுவிட்டேன். எழுதித்தான் வைக்கிறேன், எனக்கு என்ன வெட்கம்?

ஜனவரி 22, ஞாயிறு

உறைந்த மைதானத்தில் பயிற்சி ஆட்டம். யாரும் என்னை இடித்துத் தள்ள முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இடித்துப் பார்த்தார்கள். மார்பு அகலமாகிவிட்டது, சட்டைப் பொத்தான் இரண்டு போய்விட்டது. தைத்துக்கொண்டே ட்ரூடா திட்டினாள். திட்டு பழைய மாதிரி இல்லை.

மூச்சுதான் இன்னும் போதவில்லை. கடைசி கால் மணி நேரம் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல இருக்கிறது. குழியிலிருந்து வீட்டுக்கு நடப்பதை ஓட்டமாக மாற்றிவிட்டேன். வழியில் பொம்பளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 4, செவ்வாய்

தந்தி வந்துவிட்டது. பல்கேரியாவோடு பத்தொன்பதாம் தேதி ஆட்டம், இங்கேயே, சிலேசிய மைதானத்தில். தேசிய அணியின் ஸ்டாப்பருக்கு முழங்கால் போய்விட்டதாம், அடுத்தவனுக்குக் காய்ச்சலாம். வேறு வழி இல்லாமல்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கென்ன? வழி இல்லாமல் திறந்தாலும் கதவு கதவுதான். பதினேழாம் தேதி திங்கள் காலை முகாமில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 5, புதன்

நினைத்தேன், இப்படி ஏதாவது வரும் என்று.

"தொழிலாளிக்கு எதுக்கு மூணு நாள் விடுப்பு?" என்று கேட்டார் இயக்குநர். "விளையாட்டுப் பட்டியல்ல இருக்கறவங்களை மட்டும்தான் நான் விடுவிக்க முடியும். நீதான் தொழிலாளியாச்சே. ஒரு கையெழுத்துப் போடு, பழையபடி பட்டியலுக்கு வந்துடு. இன்னைக்கே விடுறேன்."

பழையபடி என்றால், மறுபடி பொய். மறுபடி எமில் கூட்டம் என் கரியை வெட்டும். மேஜர் மறுநாளே வந்து நிற்பார். பேனாவை என் பக்கம் நகர்த்திவைத்தார் அந்த ஆள், சாக்லேட் கொடுப்பது போல. எடுக்கவில்லை. வெளியே வந்து கைப்பிடிச் சுவரை ஓங்கிக் குத்தினேன். வலிக்கிறது.

ஏப்ரல் 6, வியாழன்

கீழே சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். உதவி கேட்கவில்லை, வயிற்றெரிச்சலைச் சொன்னேன். எமில் கொழுப்பு தடவிய ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார்.

"விடுப்பு எதுக்குடா? ஷிஃப்ட் மாத்திக்கோ."

"மாத்திக்கலாமா?"

"கீழ வேலை செய்யற எவனும் இன்னொருத்தனோட ஷிஃப்ட் மாத்திக்கலாம். கூட்டத் தலைவன் கையெழுத்துப் போதும். என் தம்பி கல்யாணத்துக்கு நான் மாத்திக்கிட்டேன். இதோ இவன் வீட்டுல பன்னி அடிக்கிற நாள்ல மாத்திக்கிறான். அது தொழிலாளிக்கு உள்ளது. மேடையில நிக்கறவனுக்குக் கிடையாது. உன்னைத் தொழிலாளின்னு அந்த ஆளே சொல்லிட்டான்ல?"

திங்களுக்கு ஒருவர், செவ்வாய்க்கு ஒருவர், புதனுக்கு எமில். அதற்குப் பதில் அவர்களுடைய இரண்டு ஞாயிறு ஷிஃப்டையும் ஒரு மதிய ஷிஃப்டையும் நான் முன்னாலேயே செய்துவிட வேண்டும். "நன்றி" என்று ஆரம்பித்தேன். எமில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு ஞாயிறு வேணும். புறாக்கூண்டுக்குக் கூரை போடணும். உன் பந்துக்காக இல்ல."

ஏப்ரல் 9, ஞாயிறு

காலையில் கரி, மதியம் லீக் ஆட்டம். ஜெயித்தோம். சாப்பிடும்போது தட்டிலேயே தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

மதிய ஷிஃப்டும் சேர்த்துச் செய்தேன். ஷிஃப்ட் மாற்றின தாளைப் பார்த்துவிட்டு இயக்குநர், "இது யாரு கையெழுத்து?" என்று எமிலைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "என்னுது. விதி உங்களுது" என்றாராம் எமில். சொல்லிவிட்டுப் புறாவைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

ஏப்ரல் 20, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன். நேற்றைக்கு எழுத முடியவில்லை.

எத்தனை தேய்த்தாலும் கண்ணிமை ஓரத்துக் கரி போகாது. உடை மாற்றும் அறையில் தலைநகரத்துப் பையன் ஒருவன், "யாருக்காக மை போட்டுக்கிட்டு வந்திருக்கே?" என்று கேட்டான். "உங்க அண்ணன் கல்யாணத்துக்கு" என்றேன். பயிற்சியாளர் பக்கத்தில் வந்து, "எவ்வளவு நேரம் தாங்குவே? உண்மையைச் சொல்லு" என்றார். "ஆட்டம் முடிஞ்சு விசில் ஊதுற வரைக்கும்" என்றேன். உள்ளுக்குள் பயம்தான். கடைசி கால் மணி நேரத்தை நினைத்துத்தான் பயம்.

மைதானம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் எங்கள் பக்கத்துச் சுரங்க ஊர்க்காரர்கள். என் பெயரைச் சொன்னதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், யாருக்குச் சொல்கிறேன் நான், எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். அத்தனை பேரும் அன்று காலை கீழே போய்விட்டு வந்தவர்கள்.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல். பல்கேரிய ஃபார்வர்டு எருது மாதிரி இருந்தான். இடித்தான், நானும் இடித்தேன், எழுந்து நின்று என் கண்ணைக் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

எழுபதாவது நிமிஷத்தில் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. மாற்று ஆளை எழுப்பி ஓடவிட்டார் பயிற்சியாளர். நான் கையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் கத்தினார். நான் கேட்காதது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் அந்த எருது கோல்கீப்பரையும் தாண்டி அடித்துவிட்டான். கோட்டில் நான்தான் இருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. பந்து நெற்றியில் பட்டது, அவ்வளவுதான் ஞாபகம்.

ஒன்றுக்குப் பூஜ்யம்.

வெளியே வரும்போது மைதானத்துப் படியில் மேஜர் வில்சின்ஸ்கி நின்றிருந்தார். நான் நின்று வணக்கம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இன்று காலை கூண்டில் யாரும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே போனதும் எமில், "கூரை நல்லா வந்திருக்கு" என்றார். அப்புறம் என் பக்கத்துக் கரியில் பாதியை அவரே அள்ளினார்.

ஏப்ரல் 28, வெள்ளி

இயக்குநர் வீட்டுக்கே வந்துவிட்டார், கேக் பெட்டியோடு. "நீ நம்ம சுரங்கத்துக்கே பெருமை. இனிமே கீழ போகவேண்டாம். வில்லை அது பாட்டுக்கு நகரும், உன் பெண்டாட்டிதானே அங்க இருக்கா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ட்ரூடா சொன்னாள். "இவன் மேல வரணும்னு இந்த வீட்டுல என்னைவிட யாரும் ஆசைப்படலை ஐயா. ஆனா நீங்க குடுக்கறதை நீங்களே பிடுங்கிக்குவீங்க. ஏற்கெனவே பாத்துட்டோம்." கேக் பெட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அவர் போன பிறகு என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். படை வயது தாண்டுகிற அன்றைக்கே மேலே வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் ஒரு நாள்கூடக் கூடாது. கொடுத்தேன். அவளுடைய அப்பா படியேறி வருகிற சத்தம் கேட்டது, நின்று நின்று. நான் எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்தேன்.

மே 9, செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ட்ரூடா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இங்க உனக்கு ஃபோன் வந்துச்சு. தேசிய அணிப் பயிற்சியாளராம்" என்றாள்.

"எப்ப?"

"பதினோரு மணிக்கு. அடுத்த மாசம் வெளிநாட்டுக்குப் பத்து நாள் போறாங்களாம். ருஃபினால வர முடியுமான்னு கேட்டார்."

"அப்படியா கேட்டார்? வரச் சொல்லுன்னு சொல்லலையா?"

"வர முடியுமான்னுதான் கேட்டார். ரெண்டு தடவை கேட்டார்."

இயக்குநரிடம் கேட்கவில்லை, மேஜரிடம் கேட்கவில்லை, என்னைக் கேட்டிருக்கிறார். எனக்குப் பின்னால் எமிலும் மற்றவர்களும் விளக்கோடு வரிசையில் நிற்கிறார்கள். பத்து நாள் என்றால் யார் யார் எந்த ஷிஃப்ட் என்று அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"அவன் இப்ப கீழ இருக்கான், மேல வந்து குளிச்சுட்டுக் கூப்பிடுவான், அதுவரைக்கும் காத்திருங்கன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரிங்கன்னார்."

குளிக்கப் போனேன். அவசரப்படவில்லை, காதுக்குப் பின்னால்கூடத் தேய்த்தேன்.